கிரகணத்துக்கு ஒரு லென்ஸ்

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, முதலில் அடாப்டரை வாங்குங்கள் என்பதுதான். லென்ஸ் நாற்பது வருடத்துக்கு முந்தையதாக இருக்கலாம், கேமரா போன மாதம் வந்ததாக இருக்கலாம். நடுவில் அந்த உலோக வளையம் இருந்தால் இரண்டும் சேர்ந்துவிடும். ஃபோகஸை மட்டும் கையால் திருப்பிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு இதில் அக்கறை இருக்காது, பாஸ்டர். ஆனாலும் இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

புனேவுக்குப் பக்கத்தில் இந்தத் தேஹு ரோட்டில் இருபத்தாறு வருடமாக நம் சபையின் கல்யாணங்களையெல்லாம் நான்தான் படம் எடுத்தேன். என் மகள் ஃபேபியோலாவின் கல்யாணத்தையும் யாரிடமும் விடவில்லை. பெண்ணைப் பெற்றவர் கேமராவோடு அலைகிறாரே என்று என் மனைவி கிருபாவதி தலையில் அடித்துக்கொண்டாள். மறுவீட்டு விருந்தன்று படங்களை டிவியில் போட்டோம். மாப்பிள்ளை ஜேடனுக்கு ஹிஞ்சேவாடியில் மென்பொருள் வேலை. என்னைப் போலவே கேமராப் பைத்தியம். எழுந்து போய் ஒரு படத்தைப் பெரிதாக்கினான்.

"மாமா, ஃபோகஸ் எல்லாம் பின்னாடி சுவத்துல இருக்கு. ஏக் பார், ஒரே ஒரு தடவை கண் டாக்டரைப் பாருங்க."

வீடே சிரித்தது. பாயசம் குடித்துக்கொண்டிருந்த சம்பந்தி புரையேறும்வரை சிரித்தார். ஃபேபியோலாவும் சிரித்தாள். அவளை நான் மன்னித்துவிட்டேன். ஆல்பத்துக்கு ஜேடனின் நண்பர்கள் செல்போனில் எடுத்த படங்கள் போயின. அதன் பிறகு சபையில் யாரும் என்னைப் படம் எடுக்கக் கூப்பிடவில்லை. நான் பொறாமைக்காரன் இல்லை. கண் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியவேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

2022 தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம் சூரிய கிரகணம். தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் என்னுடைய பழைய ஐநூறு மில்லிமீட்டர் லென்ஸை ஜேடன் கேட்டு வந்தான். அவனுடைய புதுக் கேமராவில் கண்ணை வைத்தால் தெரிவது ஒரு குட்டித் திரை. சூரியனைப் பார்த்தாலும் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. என்னுடையதும் டிஜிட்டல்தான், ஆனால் உள்ளே கண்ணாடி வைத்த ரகம். லென்ஸில் நுழைவது நேரே கண்ணுக்குப் போகும். அவன் கேமராவுக்கான அடாப்டரைக் காணோம் என்றேன். அது என் சட்டைப் பையில் இருந்தது. என் கேமராவிலேயே லென்ஸை மாட்டிக் கொடுத்தேன்.

மொட்டைமாடியில் நின்று அவன் கேட்கத்தான் செய்தான். "சூரியன் மாமா. கண்ணுக்கு ப்ராப்ளம் இல்லையே?"

"கறுப்பு ஃபில்டர் போட்டிருக்கேன் மாப்ளே. தைரியமா பாருங்க."

அந்த ஃபில்டர் வெளிச்சத்தைக் குறைக்கும், சூட்டைக் குறைக்காது. கூசாததால் கண்ணை எடுக்கத் தோன்றாது. விழித்திரை வெந்தாலும் வலிக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். கையால் ஃபோகஸ் பண்ணுகிற லென்ஸில் அவசரப்படக் கூடாது, விளிம்பு துல்லியமாக வரும்வரை பார்த்துக்கொண்டே திருப்புங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். அவன் சொன்னபடி செய்கிற பையன்.

மறுநாள் காலை அவனுக்கு யாரைப் பார்த்தாலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. அது போகவேயில்லை. வேலையை விட்டான். குழந்தை பிறந்தபோது தலையைச் சாய்த்துச் சாய்த்து, ஓரக்கண்ணால் அதன் காதைப் பார்த்தான். "உங்க மேல தப்பில்ல மாமா, நான்தான் ரொம்ப நேரம் பாத்துட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். நீங்கள் வீட்டுக்கு வந்து ஜெபித்தீர்கள். இது கர்த்தருடைய சித்தம் என்றீர்கள். கர்த்தர் மேல் பழி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அதனால்தான் வந்தேன்.

ஒரு கண்ணோடு விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கண் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஐந்து நிமிஷம் கழித்து அவன் கேமராவிலிருந்து முகத்தை எடுத்து, "வலது கண்ணு ஒரு மாதிரி இருக்கு மாமா. போதுமா?" என்றான். ஃபேபியோலா டீ கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள். அவள் முன்னால் அவன் என்னிடம் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

"இன்னும் ஃபோகஸ் வரல மாப்ளே" என்றேன். "இடது கண்ணை வெச்சுப் பாருங்க."