பச்சை கலர் போன்

இல்லம்மா, வச்சிடாத. முன்ன பேசின தம்பி இப்படித்தான் லைன்லயே இருங்கன்னு ஒரு பாட்டப் போட்டுட்டுப் போனாரு. பாட்டு முடிஞ்சிச்சு, அவர் வரல.

உம் பேரு இன்னான்னு சொன்ன? பவித்ராவா. நல்லாகீது. என் பேரு ராஜவேலு. சாருன்னு கூப்புடாதம்மா. ஏரில கையால தடவி எறா புடிக்கிற ஆளு நானு. எங்க ஊரு தோணிரேவுல யாருன்னா கேட்டா சிரிப்பாங்க.

இன்னா சத்தமா? காத்தும்மா. ஊட்டுக்குள்ள சிக்னல் எடுக்கல, கரைல வந்து நிக்கிறேன். இது பக்கத்து ஊட்டு முனியம்மா போனு.

ஆமா, அதேதான். ஆன்லைன்ல வாங்கின போனு எரியவே இல்ல. சார்ஜு போட்டும் பாத்தாச்சு. மாத்திக் குடுங்கன்னு கேட்டதுக்கு முடியாதுன்னு மெசேஜு வந்துகீது. டப்பா வந்து ஒரு வாரத்துக்குள்ள சொல்லிக்கணுமாம்.

லேட்டுதான், இல்லன்னு சொல்லலியே. டப்பாவப் பிரிச்சாதான எரியலன்னு தெரியும்? பிரிக்கக் கூடாதும்மா. எங்க ஜனத்துல ஊட்ல ஒன்னு நடந்துனு இருந்தா, அது முடியிற வரிக்கும் புதுசு எதையும் பிரிக்க மாட்டோம். துணியானாலும் சரி, வலையானாலும் சரி. தூக்கி மேல வச்சிட்டேன்.

இன்னா விசேஷம்னா? டப்பாவக் கொண்டாந்த தம்பியும் அதாம்மா கேட்டான். வாசல்ல பந்தல், தெருவுல நாற்காலி, பொன்னேரி பஸ்லருந்து ஜனம் எறங்கினுகீது. இன்னாண்ணா விசேஷம், பிரியாணி உண்டான்னான். சின்னப் பையன். ஓடிபி கேட்டான். அது செவ்வந்தி போனுக்குத்தான வரும். உள்ள போயி அவ போன எடுத்துனு வந்து, இருந்த நம்பரச் சொன்னேன். டப்பாவக் குடுத்துட்டுப் போய்ட்டான்.

செவ்வந்தி எங்க ஊட்டுக்காரிம்மா. அவ பேர்லதான் ஆர்டரு. பொண்ணு நந்தினி திருப்பூர்ல பனியன் கம்பெனில கீறா. எங்க பட்டன் போன்ல கொரலுதான வரும்? எனக்கு அவ மூஞ்சப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம் இவளுக்கு. முனியம்மா பொண்ணாண்ட உக்காந்து கலர் கலரா தள்ளித் தள்ளிப் பாத்து பச்சைய எடுத்தா. கறுப்பு எடுடி, அழுக்குத் தெரியாதுன்னேன். ஊட்ல கறுப்பா நீ ஒருத்தன் கீற, போதும்னுட்டா.

நெறைய பேசறனாம்மா? உனக்கு வேற ஆளுங்க காத்துனு இருப்பாங்க. நான் பேசற ஆளே இல்ல. தண்ணில எறங்கினா, புடிக்கிற எறாவப் போடற பறிக் கூடையோட கவுற பல்லால கடிச்சினு இருப்போம். ரெண்டு கையும் சேத்துல கீது, வாயும் தொறக்க முடியாது. அவ பக்கத்துலயே தடவினு வருவா, ஒரு பேச்சு இருக்காது. கரை ஏறி கவுற உட்டா ஆரம்பிப்பா. ஊடு வர்ற வரிக்கும் அவதான். நான் உம் கொட்டினு வருவேன். அவ்ளோதான் எனக்குப் பேச்சு.

பொன்னேரில அந்தக் கம்பெனி சர்வீஸ் கடைக்குப் போனேனே. பில்லு யார் பேர்ல கீதோ அவங்க வரணும்னாங்க. நீயும் அதான சொல்ற? சரி. லேட்டானதுக்குக் காரணம் சரியா இருந்தா நீ மேல சொல்லிப் பாப்ப. ஆனா மேடம் லைன்ல வந்து சொல்லணும்.

கூப்புட முடியாதும்மா.

ஏரிக்குப் போகல. சாயங்காலமா? சாயங்காலமும் வர மாட்டா.

அந்தப் பந்தல் அவளுக்குப் போட்டதும்மா. காய்ச்சல்ல பூட்டா. உள்ள கெடத்தி வச்சிருந்தோம், சங்கு ஊதறவரு இன்னும் வரல, அதான் அந்தத் தம்பிக்குத் தெரியல. அவ போனு தலமாட்டுலதான் கெடந்துச்சு. ஓடிபி வந்து டிங்குன்னவுடனே அழுதுனு இருந்தவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. கருமாதி முடிஞ்சப்புறம்தான் டப்பாவ எறக்கினேன்.

இல்லம்மா, நீ எதுக்கு மன்னிப்பு கேக்குற? உனக்கு எப்டித் தெரியும். சொல்ற மாதிரி இருந்தா மேல சொல்லு, இல்லன்னா உடு.

பணம் வேணாம். மாத்திக் குடுத்தாங்கன்னா பச்சையே குடுக்கச் சொல்லும்மா.