புரையேறும் சத்தம்

தண்ணீர் வைத்ததற்கு நன்றி, சார். இந்த மாதிரி அறைகளில் அதைக்கூட எதிர்பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சற்று முன்பு நீங்கள் குடித்ததைக் கவனித்தேன். அண்ணாந்து, கடகடவென்று, பாதியில் எழுத்தரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே குடிக்கிறீர்கள். படித்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். தொண்டைக்குள் இரண்டு வழிகள் இருக்கின்றன, ஒன்று வயிற்றுக்கு, இன்னொன்று நுரையீரலுக்கு. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சின்ன மூடி விழுந்து உங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. மூடி ஒழுங்காக விழுகிறவரை அதைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை.

மூடி கெட்டுப்போனவர்கள்தான் என்னிடம் வருவார்கள். என் தொழில் விழுங்கல் சிகிச்சை. பக்கவாதம் வந்தவர்களுக்கு மறுபடியும் விழுங்கப் பழக்குவேன். ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்திருந்த அறை, உடைந்த சக்கர நாற்காலிகளை அடுக்கிவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நரம்பியல் டாக்டர் என்னை நோயாளிகளுக்கு அறிமுகப்படுத்தும்போது "சார் உங்களுக்குச் சாப்பிடச் சொல்லித் தருவார்" என்பார். அந்த மனிதருக்கு மூளையைப் பற்றி எல்லாம் தெரியும். கழுத்துக்குக் கீழே இறங்கினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

என் மாமனார் அவருக்கும் ஒருபடி மேல். காய்கறி மண்டியில் ஏலம் கூறியவர். நாலு தெருவுக்குக் கேட்கும் குரல், அதற்கேற்ற வாய். நான் வீட்டோடு இருந்த மாப்பிள்ளை. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் என்னைக் காட்டிச் சொல்வார்: "நம்ம மாப்ளைக்கு என்ன உத்தியோகம் தெரியுமா? தண்ணி குடிக்கச் சொல்லித் தர்றது. நாளைக்கு மூச்சு விடச் சொல்லித் தரவும் ஒருத்தன் வருவான் பாருங்க."

எல்லாரும் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரித்துவிட்டு, பிறகு சமையலறைக்கு வந்து, "அப்பா வெளாட்டுக்குச் சொல்றாரு, மனசுல வெச்சுக்காதீங்க" என்பாள். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பாட்காஸ்ட் என் யோசனை அல்ல. மற்ற ஆஸ்பத்திரிகள் நடத்துகின்றன, நாமும் நடத்த வேண்டும் என்று மேலாளருக்கு ஒருநாள் தோன்றியது. இதயப் பிரிவிடம் கேட்டார், அவர்களுக்கு நேரம் இல்லை. எலும்புப் பிரிவிடம் கேட்டார், அவர்களுக்கு மனம் இல்லை. கடைசியில் என் தலையில் கட்டினார். நான் அதை ஒழுங்காகத் திட்டமிட்டேன். கேட்கப் போகிறவர்கள் யார்? என்னைப் போன்ற ஆள் இல்லாத சின்ன ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் நர்சுகள். ஒரு பகுதிக்கு ஒரே ஒரு பாடம். கேட்டு முடித்தவர் மறுநாள் காலையில் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பது முடிவாகாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. 'மிடறு' என்று பெயர் வைத்தேன். திட்டக் கூட்டத்தில் இவ்வளவையும் விளக்கினேன். அட்டைப் படத்தில் தன் புகைப்படம் வருமா என்று மட்டும் மேலாளர் கேட்டார்.

பதிவு செய்ய ஒருவனைப் பிடித்துக் கொடுத்தார்கள். சோப்பு விளம்பரங்களுக்குச் சத்தம் சேர்த்துப் பிழைக்கிறவன். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவானா என்று தெரியாத அளவுக்குக் கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்கும், அதனால் நானும் அவனை ஹெட்போன் என்றே அழைத்தேன். பொருள் வைக்கும் அறையின் சுவர்களில் பழைய மெத்தைகளைச் சாத்தி ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தோம். முன்னோட்டப் பகுதியில் நரம்பியல் டாக்டர் அரைமணி நேரம் தாளைப் பார்த்துப் படித்தார். சில நர்சுகளுக்கு அதை அனுப்பிக் கருத்துக் கேட்டேன். "ரொம்ப உபயோகமா இருந்துச்சு சார்" என்றார்கள் அத்தனை பேரும். இரண்டாம் பாதியில் என்ன வந்தது என்று ஒருத்தியைக் கேட்டேன். அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ஹெட்போன் சொன்னான்: "சார், விழுங்கறதப் பத்தியே பேசறீங்க, விழுங்கற சத்தம் எங்கயும் இல்லையே. சமையல் நிகழ்ச்சின்னு சொல்லிட்டு அடுப்பே பத்த வெக்காத மாதிரி இருக்கு."

அவன் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான பேச்சு அது. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி நம் ஜனங்கள் தலையில் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நினைக்கிறது எமன்தான் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கினால் குரல் ஈரமாகிவிடும். 'ஆ' என்று சொல்லச் சொன்னால் உள்ளே களகளவென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை ஒருமுறை காதில் வாங்கிய நர்சு அடுத்த கரண்டியை ஊட்ட மாட்டாள். எத்தனை வார்த்தைகளில் வர்ணித்தாலும் அது புரியாது, கேட்டே ஆக வேண்டும். ஹெட்போன் கண்ணாடித் தம்ளருக்குள் உறிஞ்சு குழாயை விட்டு ஊதிக் காட்டினான். பச்சைக் குழந்தை எச்சிலில் குமிழி விடுவதைப்போல இருந்தது.

என் நோயாளிகளிடம் அந்தச் சத்தத்தை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படி எடுப்பது? விழுங்கத் தெரியாதவருக்கு எதுவும் கலக்காத பச்சைத் தண்ணீர் கொடுத்தால்தான் அது வரும். அவர்கள் என்னை நம்பி வந்தவர்கள், சார். அவ்வளவு கேவலமானவன் இல்லை நான்.

அந்தச் சமயத்தில்தான் என் மாமனார் பக்கவாதம் வந்து வீட்டில் படுத்திருந்தார். வலது கை போய்விட்டது. பேச்சு பாதி திரும்பியது. விழுங்குவது திரும்பவில்லை. அவர் வாய்க்குப் போகும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரிலும் ஒரு பொடியைக் கலந்து பசைபோல் கெட்டியாக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார வேண்டும், தாடை மார்பைத் தொட வேண்டும், கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். இதையெல்லாம் என் மனைவிக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். அவள் அச்சுப் பிசகாமல் செய்தாள்.

அவர் முதலில் அதட்டினார். பிறகு மண்டியில் பேரம் பேசுவதுபோல அரை வாய், கால் வாய் என்று இறங்கி வந்தார். கடைசியில் கெஞ்சினார். "மாப்ளே, இந்தப் பசைய நீங்க ஒரு வேளை குடிச்சுப் பாருங்க. தாகம் அடங்கவே மாட்டேங்குது. ஒரே ஒரு வாய் பச்சத்தண்ணி." என் மனைவி அதைக் கேட்க மாட்டாமல் பின்கட்டுக்குப் போய் அழுவாள். நான் "கூடாது மாமா" என்பேன். எந்தக் கோபமும் இல்லாமல்தான் சொன்னேன். ஒரு நாளைக்குப் பல தடவை சொன்னேன்.

மனைவி வெளியே போயிருந்த ஒரு காலையில் மைக்கை மாமனாரின் சட்டைக் காலரில் மாட்டினேன். தண்ணீரைப் பார்த்ததும் அவர் வாய் தானாகத் திறந்தது. ரெக்கார்டு செய்துகொள்ளட்டுமா என்று முறைப்படி அனுமதி கேட்டேன்.

"தண்ணி குடுத்துட்டு என்ன வேணா பண்ணுங்க" என்றார்.

ஒரு வாய் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டார், கண்ணீர் வந்தது. அது சந்தோஷத்தில் வந்தது, இருமல் பிறகுதான் ஆரம்பித்தது. அவர் இருமிக்கொண்டிருக்கும்போதே "ஏலம் கூறுங்க மாமா" என்றேன். "பெட்டி நூறு, நூத்தி இருவது, கேளுங்க கேளுங்க" என்று அவர் கூறக் கூற, ஒவ்வொரு எண்ணும் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. பாடப் புத்தகம் எதிலும் கிடைக்காத சத்தம். முகத்தில் நீலம் வடிந்து மூச்சு திரும்பியதும் இன்னொரு வாய் கேட்டார். எதையும் இரண்டு தடவை பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஹெட்போன் சொல்லியிருந்தான், அதனால் கொடுத்தேன்.

"அவகிட்ட சொல்லிறாதீங்க மாப்ளே" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டு பேரையும் சேத்து வாசல்ல நிறுத்திருவா."

ஆயுசு முழுக்க வாயை மூடாத மனிதர் அந்த ஒரு விஷயத்தில் மூச்சு விடவில்லை. விட்டால் தண்ணீர் நின்றுபோகும். ஆஸ்பத்திரிப் பரிசோதனையில் எடுத்த பதிவு என்று மனைவியிடம் நான் சொல்லிவைத்தேன். அவரும் தலையாட்டினார்.

வெளியீட்டு நாளில் மேலாளர் நீளமாகப் பேசினார், கூட்டம் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தது. பிறகு முதல் பகுதி ஒலித்தது. அந்த ஏலக் குரல் வந்ததும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்துக்குள் நான் பெயரே கேட்டிராத ஊர்களில் அதைக் கேட்டார்கள். இதே சத்தத்தைத் தன் வார்டில் கேட்டு ஊட்டுவதை நிறுத்தியதால் ஒரு தாய் பிழைத்தாள் என்று ஒரு நர்சு எனக்குச் செய்தி அனுப்பினாள். இரண்டு குழந்தைகளின் தாய், சார். இந்தப் பக்கம் படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவர். தராசை நீங்களே பிடித்துப் பாருங்கள்.

ஆகவே தொடர்ந்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சத்தம் தேவைப்பட்டது. சில வாரங்களில் அவருக்குக் காய்ச்சல் வந்து நிமோனியா என்றார்கள். "பொடிய சரியாத்தானே கலக்கறீங்க?" என்று நுரையீரல் டாக்டர் என் மனைவியைக் கேட்டார். அவள் தான்தான் எங்கோ நீர்க்கக் கலந்துவிட்டோம் என்று முடிவுகட்டி, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "இனிமேலாவது கவனமா கல" என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் ஒரு தம்ளர் கலக்க கால்மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை தப்பித்தார், இன்னொரு தடவை நுரையீரல் தாங்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அன்றோடு நிறுத்தினேன். மாமனார் வீடு திரும்பினார். எவ்வளவு கெஞ்சியும் நான் ஒரு சொட்டு கொடுக்கவில்லை. எனக்கும் மனசாட்சி இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆனால் ஹெட்போன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? நலம் விசாரிக்க வீட்டுக்கு வந்தவன், "நீங்கதானா அந்த ஏலக்காரர்? எல்லாரும் அந்தப் பெரியவர் யாரு, அவரைத் திரும்பப் போடுங்கன்னு கேக்கறாங்க" என்று உளறிவிட்டுப் போனான். அன்றிலிருந்து கிழவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. படுக்கையில் கிடக்கிறவருக்குக்கூட அது சாத்தியம் போலும். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் முதல் பகுதியைப் போட்டுக் காட்டுவார். தன் குரல் முடிந்து என் குரல் தொடங்கியதும் நிறுத்திவிடுவார்.

"மாப்ளை பேசறது யாருக்கு வேணும்? ஏலம் கேக்கத்தானே கூட்டம் வருது" என்றார் ஒருநாள், பழைய மண்டிக்காரர்கள் நிறைந்திருந்த அறையில். "தண்ணி குடிக்கச் சொல்லித் தர்ற உத்தியோகத்த இப்ப நான்தான் பாக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு நோய் வந்த பிறகு என் மனைவி வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன். அதனால்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. இருமாமலே தண்ணீர் உள்ளே இறங்குகிறவர்களைப் பற்றி ஒரு பகுதி பாக்கி இருந்தது. எல்லாவற்றிலும் ஆபத்தானது அதுதான். காய்ச்சலுக்குப் பிறகு என் மாமனாரின் இருமல் வலுவிழந்து, அவர் அந்த வகைக்கு வந்து சேர்ந்திருந்தார்.

மறுநாள் மதியம் பொடி தீர்ந்துவிட்டது. மனைவி வாங்கப் போனாள். "மாப்ளே" என்று அவர் ஆரம்பித்தார். நான் சமையலறைக்குப் போய்ப் பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தேன். கரண்டி எடுக்கவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, தலையணைகளை உருவி நாற்காலியில் போட்டேன்.

"படுத்துக்கிட்டேவா?" என்றார்.

"இது புது முறை மாமா" என்றேன்.

அவர் மறுபேச்சுப் பேசாமல் வாயைத் திறந்தார். என் தொழில் விஷயத்தில் அந்த மனிதர் என்னை நம்பியது அன்று ஒருநாள்தான். தம்ளர் காலியாகும்வரை நிதானமாக ஊற்றினேன். இருமலே வரவில்லை. "அப்பாடா" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காய்ச்சல் கண்டது, அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார். நாற்காலியில் கிடந்த தலையணைகளையும் அவர் சட்டையின் ஈரக் காலரையும், பொடியோடு திரும்பிய என் மனைவி பார்த்திருக்கிறாள். அவளுக்குப் புரியாமல் இருக்குமா, கற்றுக்கொடுத்தவன் நானாயிற்றே. உங்களிடம் வந்து புகார் கொடுத்திருக்கிறாள். என் மாணவர்களிலேயே உருப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

ஆமாம், சார், நான்தான் கொடுத்தேன். ஊற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் ஊற்றினேன். உங்கள் மேஜையில் இருக்கும் பதிவுகள் எல்லாம் நான் எடுத்தவைதான், ஒன்றையும் அழிக்கவில்லை. எதைச் செய்தாலும் பாடத்துக்காகவே செய்தேன் என்பது அவற்றைக் கேட்டால் உங்களுக்கே புரியும். அந்த மதியத்தின் பதிவு அவற்றில் ஏன் இல்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எப்படி இருக்கும்? அன்றைக்கு மைக்கை நான் வீட்டுக்கே கொண்டுவரவில்லை.