சிவப்பு டேக் கட்டிய செடி

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில், எதிர் சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பெண்கள்.

"செடிக்கு சிவப்பு டேக் கட்டிட்டேன்க்கா," என்றாள் இளையவள்.

"செடிக்கா?"

"கம்பெனி லைன்ல சந்தேகமான பார்ட்டுக்குக் கட்டுவோமே, அதேதான். யாரும் கை வைக்கக் கூடாதுன்னு. வூட்டாண்ட லாரி மண்ணு கொட்னோமில்ல, அதுல மொளச்சது. அதத் தின்னுதான் பெரிய ஆடு செத்துதுன்னு நெனைக்கிறேன்."

"இன்னா செடியாம்?"

"மூணு தபா போட்டோ எடுத்தேன். போன்ல தேடினா ஒவ்வொரு தபாவும் வேற வேற பேர் சொல்லுது."

அவள் நீட்டிய போனை நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கும் தெரியாத இலை.

"மாட்டு டாக்டர் வாடாம எடுத்தாந்து காட்டச் சொன்னாரு. ஞாயித்துக்கெழம லீவுல புடுங்கினு போலாம்னு வுட்டு வெச்சேன்."

ஆட்டோ ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நின்றது.

"காலைல பாக்கறேன், டேக்கு மட்டும் கீழ கெடக்குது. ஆட்டுக்குட்டி கயித்த அவுத்துகினு வந்து மொத்தத்தையும் மேஞ்சிட்டுது."

"ஐயோ. குட்டி?"

"நான் கெளம்பசொல்ல நின்னுகினுதான் இருந்துது."

போனைப் பைக்குள் போட்டபடி அவள் சொன்னாள்: "கம்பெனி உள்ள போன் எடுத்துனு போவ வுட மாட்டாங்க. ஷிப்ட் முடிஞ்சாதான் தெரியும்."