மாமனார் விட்டு வச்ச நண்டு

ஒட்டுக் கேக்குறது தப்புன்னு என்னைத் திட்டிட்டு, என்ன பேசினாங்கன்னு நீயே வந்து கேக்குறியே, வெக்கமா இல்ல? சரி, உக்காரு.

பேரளம் ரயில்ல என் எதிர்ப் பலகையில ஒரு காலேஜ் வாத்தியாரும் அவரு பொண்டாட்டியும் இருந்தாங்க.

"நண்டைப் பத்திப் புத்தகமே எழுதின உங்கப்பா, எல்லா நண்டையும் சரியா பாக்கலன்னு எழுதினாத்தான் என் ஆராய்ச்சிக் கட்டுரை நிக்கும்"னாரு அவரு.

"எழுதிப் பாருங்க. நான் எங்கப்பா வீட்டுலயே தங்கிடுறேன், நீங்க நண்டோட குடும்பம் நடத்துங்க."

"கட்டுரையோட ஆரம்பமே அப்படித்தான் கமலா. முன்னாடி எழுதினவங்களை மொதல்ல புகழணும். அப்புறம் அவங்க பாக்காம விட்டதைச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் 'அதை நான் பாத்தேன்'னு உள்ள நுழைய முடியும்."

"எங்கப்பா எதை விட்டாங்களாம்?"

"அரசலாறு கடல்ல சேர்ற எடத்து நண்டை."

ரயில் திருநள்ளாறு வந்துச்சு. அந்தப் பொண்ணு மெதுவா சொன்னா: "விட்டுட்டாங்கன்னு எழுதாதீங்க. நமக்குன்னு விட்டு வச்சிருக்காங்கன்னு எழுதுங்க."

அவரு பெட்டியே அதிர்ற மாதிரி சிரிச்சுட்டு, பேனாவை எடுத்துட்டாரு.

வீட்டுக்கு வந்ததும் நம்ம தெருக்காரிங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "உங்க நண்டுக் குழம்பெல்லாம் அமிர்தம்டி. அதுல உப்புப் போடுறதை மட்டும் எனக்குன்னு விட்டு வச்சிருக்கீங்க."