சுண்ணாம்பு தடவாத கலயம்

1955 ஜனவரி, சித்தூர் ஜில்லா. லாரி மோதி ஜெயம்மா என்பவர் கால் இழந்தது சம்பந்தமாக, சாட்சி சுந்தரி போலீஸ் நிலையத்தில் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொண்டது.

என் பெயர் சுந்தரி. வயது பதினாறு. தகப்பனார் பெயர் கன்னையா. வெதுருகுப்பத்துக்கு அருகே ரோட்டை ஒட்டிய பனந்தோப்பில் குடியிருக்கிறோம். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இப்போது கரும்பு வெட்டும் கூலிக்குப் போகிறேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. காதில் விழாததை மறுபடி கேட்டு எழுதும்படியும், தாமாக எழுத வேண்டாம் என்றும் ரைட்டர் ஐயாவிடம் முதலிலேயே சொன்னேன்.

சம்பவத்தன்று நான் முதலில் கவனித்தது லாரி டிரைவர் சிட்டிபாபுவின் செருப்பை. எப்போதும் அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி, ஸ்டீரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் உட்காருவார். அன்று செருப்புக் காலோடு ஏறினார். ஒன்று கழன்று கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் இறங்கவில்லை.

என் நைனா கன்னையா பனைமரம் ஏறுகிறவர். பதநீர் இறக்க லைசென்சு வைத்திருக்கிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித்தான் மரத்தில் கட்ட வேண்டும், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும், அது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பின்வரிசை மரத்தில் ஒரே ஒரு கலயத்துக்கு நைனா சுண்ணாம்பு தடவமாட்டார். அது சிட்டிபாபுவுக்கு. இதைச் சொன்னால் நைனாவையும் ஜெயிலில் போடுவீர்கள் என்று தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

சிட்டிபாபு, வரதராஜன் என்பவருடைய வெல்ல லாரியைத் திருப்பதிக்கு ஓட்டுகிறவர். போகும் வழியில் தோப்பில் நிறுத்திக் குடிப்பார். குடித்தபின் வெயில் தாழும்வரை மரத்தடியில் தூங்கி, முகம் கழுவிக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். அப்படிக் குடித்ததால் யாருக்கும் கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை. அன்று அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது மதுவிலக்குப் போலீஸ் ஜீப் வருவதாக ரோட்டில் யாரோ கத்தினார்கள். நைனா, "வண்டிய எட்த்துக்கினு போய்டுப்பா, இங்க நிக்காத" என்றார். சிட்டிபாபு மீதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு லாரிக்கு ஓடினார். நான் பின்னாலேயே போய், "தூங்கிட்டுப் போண்ணா" என்றேன். "யாரு, போலீசு வந்து தாலாட்டுமா?" என்று சிரித்துக்கொண்டே கிளப்பினார். அதன் பிறகு அந்த ஜீப் தோப்புப் பக்கம் திரும்பாமல் நேரே சித்தூர் ரோட்டில் போய்விட்டது.

அதன் பிறகு லாரி போன திசையில், கால்வாய்ப் பாலத்துப் பக்கம் சத்தம் கேட்டு ஓடினேன். என்னோடு கரும்பு வெட்டும் ஜெயம்மா அக்கா மண் ஓரத்தில் ஒரு கால் நசுங்கிக் கிடந்தார். தலையில் வைத்திருந்த தோகைக்கட்டு கால்வாயில் மிதந்தது. ரோட்டைவிட்டு இறங்கிய டயர் தடம் அவர்வரை வந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "பொடவைய இழுத்து உடு சுந்தரி, ஆம்பளைங்க பாக்கறாங்க" என்றார். இழுத்துவிட்டேன். அதன் பிறகு திருப்பதி ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சம்பவத்துக்கு மறுநாள் லாரி முதலாளி வரதராஜன் எங்கள் குடிசைக்கு வந்தார். ஜெயம்மாதான் குறுக்கே வந்தாள் என்று எல்லோரும் சொல்லப்போவதாகச் சொன்னார். "குடிக்கறது அவனவன் இஷ்டம்மா. ராஜதானி கர்நூல்லயே இந்தச் சட்டத்த வெச்சிக்கறதா எடுக்கறதான்னு அடிச்சிக்கினு கீறாங்க. உனக்கு இன்னா வந்துச்சி?" என்றார்.

"குடிக்கறது அவரு இஷ்டம். ரோடு அவரு ஊடா?" என்றேன்.

அவர் என் நைனாவைப் பார்த்து, "பொண்ணுக்கு வாய் இல்லன்னு சொன்னியே கன்னையா" என்றார்.

அவர் போன பிறகு நைனா, "என்ன உள்ள தள்ளிட்டு நீ இன்னா துன்னுவ?" என்று கேட்டார். "ஜெயம்மா அக்கா இன்னா துன்னுதோ அத துன்றேன்" என்றேன்.

கள் குற்றமில்லை என்கிறாய், டிரைவர் குற்றவாளி என்கிறாய், வரப்போகிற எலெக்‌ஷனில் நீ எந்தக் கட்சி என்று ரைட்டர் ஐயா கேட்டுச் சிரித்தார். எனக்கு ஓட்டு இல்லை. மரத்தடியில் குடித்துவிட்டுத் தூங்கப் போகிறவரை ஜீப்பைக் காட்டி ரோட்டுக்குத் துரத்தும் சட்டம் எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்காக, குடித்த கையோடு லாரியை எடுத்தவரை விட்டுவிடவும் கூடாது. ஒன்றை எழுதி மற்றதை விடக்கூடாது என்று சொன்னேன். இரண்டையும் எழுதினார்.

எல்லாக் கலயத்துக்கும் சுண்ணாம்பு தடவியிருந்ததாகவும், சிட்டிபாபு குடித்தது வெறும் பதநீர் என்றும் என் நைனா நேற்று கொடுத்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அது பொய். இன்று விடியற்காலையில் நைனா அந்தக் கலயத்தைக் கீழே இறக்கிவைத்துவிட்டுச் சுண்ணாம்பு குழைக்க உட்கார்ந்தார். தண்ணீர் எடுக்க அவர் எழுந்து போனபோது கலயத்தை ஒரு பழைய தாவணியில் சுற்றிக்கொண்டு இங்கே நடந்து வந்தேன்.

எழுதியதை முழுவதும் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை. அதன் பிறகு தாவணியை அவிழ்த்து, உட்புறம் தெரியும்படி கலயத்தை இன்ஸ்பெக்டர் ஐயாவின் மேசைமேல் சாய்த்து வைத்தேன்.

(ஒப்பம்) க. சுந்தரி