சூடு படாத விளிம்பு

தண்ணீர் இரும்பை வெட்டும் என்றால் எடுத்த எடுப்பில் யாரும் நம்புவதில்லை. நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள், சார். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பட்டறையில் வெட்டும் இயந்திரங்கள் இரண்டு. லேசர் என் பொறுப்பு. வாட்டர்ஜெட் என் தங்கை புருஷன் பொறுப்பு. ஊசிமுனை அளவு துளை வழியாக, மணல் கலந்த தண்ணீரைப் பெரும் அழுத்தத்தில் பீய்ச்சி வெட்டுவது அது. சத்தம் காதைப் பிளக்கும், தரையெல்லாம் சேறு, வேலையோ ஆமை வேகம். லேசரில் மெல்லிய தகட்டைக் கொடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் பாகம் கையில் இருக்கும். ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். லேசர் சுட்டு வெட்டுகிறது. உறுதியான எஃகில் அந்தச் சூடு விளிம்பை இறுக்கி, எளிதில் விரிசல் விடும்படி செய்துவிடும். தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. பாரம் தாங்கும் பாகத்துக்கு வாட்டர்ஜெட்தான் சரி. இதை நான் மனதுக்குள் ஒருநாளும் மறுத்ததில்லை. முதலாளி முன்னால்தான் மறுத்தேன்.

மாப்பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். கெட்டிக்காரர், கலகலப்பானவர். "மச்சான் மிஷின் சுட்டுத் தின்னும், என் மிஷின் கழுவித் தின்னும்" என்று சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கையிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார், அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு முதலாளி எதற்கெடுத்தாலும் மாப்பிள்ளையைத்தான் கூப்பிட்டார். கனமான பாகங்களுக்குப் புது ஆர்டர் ஒன்று வந்தபோது, லேசரை விற்றுவிட்டு இன்னொரு வாட்டர்ஜெட் வாங்கலாமா என்று அவரிடமே யோசனை கேட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

தகடுகளை வாட்டர்ஜெட்டின் தண்ணீர்த் தொட்டிமேல் தூக்கி வைக்க, மேலே ஒரு கிரேன் உண்டு. அதன் கொக்கியைத் தாங்கும் தகடு தேய்ந்து போனது. மாப்பிள்ளை புதிதாக ஒன்றை வெட்டி, துடைத்து, பொருத்தித் தரச் சொல்லி என் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அதே எஃகில், அதே அளவில், நான் லேசரில் ஒன்று வெட்டினேன். வெட்டு தொடங்கும் இடத்தில் லேசர் ஒரு சின்ன வடு விடும். வழக்கமாக அதைக் கழிவுப் பக்கம் தள்ளிவிடுவோம். நான் அதைத் துளையின் விளிம்பிலேயே விழவைத்தேன், பாரம் முழுவதும் இழுக்கும் இடத்தில். பிறகு மணல் பீய்ச்சும் குழாயால் விளிம்பை மங்கலாக்கினேன். பார்த்தால் தண்ணீரில் வெட்டியது போலவே இருந்தது. அவர் வெட்டியதைக் கழிவுக் குவியலில் போட்டேன். நல்ல தகடு. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

எனக்கு வேண்டியது ஒரு விரிசல். வாட்டர்ஜெட் வெட்டிய தகடும் விரிசல் விடும் என்று முதலாளி தன் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சில வாரங்கள் போயின. ஒரு காலையில் மாப்பிள்ளையே வந்தார்.

"மச்சான், கொக்கித் தகட்டுல கோடு மாதிரி ஏதோ தெரியுது. நீங்க ஒருதடவை பாருங்களேன்."

ஏணியில் ஏறிப் பார்த்தேன். துளையிலிருந்து ஓரம்வரை விரிசல் ஓடியிருந்தது. தடவினால் நகம் அதில் மாட்டியது.

"மணல் கீறல்தான் மாப்ள. பயப்பட ஒண்ணுமில்ல."

"நீங்க சொன்னா சரி" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டார், நான் பத்திரமாக இறங்கும்வரை.

அப்போதே விரிசலைக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முதலாளி இன்னும் வரவில்லை, சார். பார்க்க வேண்டியவர் இல்லாதபோது காட்டி என்ன பயன்? மாப்பிள்ளை தானே இன்னொன்றை வெட்டி மாட்டியிருப்பார். பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

முதலாளியின் கார் உள்ளே வந்ததும், இருப்பதிலேயே கனமான தகட்டை முதலில் தூக்கும்படி கிரேன் ஓட்டுபவனிடம் சொன்னேன். முதலாளியைப் பேசிக்கொண்டே அந்தப் பக்கம் அழைத்துவந்தேன். மாப்பிள்ளை தொட்டியின் ஓரத்தில் குனிந்து, மணலை வழித்துக்கொண்டிருந்தார். தகடு அவர் முதுகுக்கு நேர் மேலே வந்தபோது நான் முதலாளியின் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் நிறுத்தினேன். அது எச்சரிக்கை உணர்வு. கொக்கித் தகடு பிளந்து பாரம் விழுந்தபோது முதலாளிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் அதற்காக எனக்கு நன்றி சொன்னார்.

கூப்பிட்டு நகரச் சொல்லியிருக்கலாம். அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். தகட்டைத் தூக்கும்போது இயந்திரம் ஓடாது. பட்டறை அமைதியாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் காரியம் முடிவதற்குள் வாட்டர்ஜெட்டை மூடிவிட்டார்கள். தவறு மாப்பிள்ளை வெட்டியதில் என்று முடிவானது. ஆய்வுக்கூடத்தில் விளிம்பைச் சோதித்து, இது சூட்டில் வெட்டியது என்று சொல்லாதிருந்தால் நீங்கள் என்னை அழைத்திருக்க மாட்டீர்கள்.

தங்கை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. ஒருநாள் கேட்டாள்: "அவர் அன்னைக்கு உங்ககிட்ட எதையும் காட்டலையா அண்ணா?"

இல்லை என்றேன். தெரிந்தால் அவள் மனம் தாங்காது.

ஆமாம், தகட்டை மாற்றியது நான்தான். விரிசலைப் பார்த்துவிட்டுத்தான் தூக்கச் சொன்னேன். கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். இனி நான் கிளம்பலாமா, சார்? அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.