மீன் தொடாத விரதம்

எனக்கு மழை என்றால் விருப்பம். கொழும்பில் இந்த ஒருகொடவத்தைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற எல்லாரும் மழையைத் திட்டுவார்கள். லொறிகள் சேற்றில் புதையும், சப்பாத்து நாறும். நான் மட்டும் யன்னலடியில் நின்று வானத்தைப் பார்ப்பேன். சிவானந்தன் ஐயா கவிதை எழுதப்போகிறார் என்று பகிடி பண்ணுவார்கள்.

நீங்கள் சுற்றாடல் அதிகாரி. வாய்க்கால் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டே வந்துவிட்டீர்கள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

இங்கே மெத்தைக்கும் பஸ் இருக்கைக்கும் ஸ்பொஞ் செய்கிறோம். தீப்பிடிக்காமல் இருக்க அதில் ஒரு மருந்து கலப்போம். எண்பத்து மூன்று கலவரத்தில் வெள்ளவத்தையில் என் வீடு எரிந்தது. அந்த மருந்தின்மேல் எனக்குள்ள பக்தி உங்களுக்கு விளங்காது.

தொண்ணூற்றாறில் அந்த மருந்து நாற்பது இரும்புப் பரல் நிறையப் பழுதாகிப்போனது. அழிக்கிற இடத்துக்கு லொறியில் கொண்டுபோகச் சொன்னார் முதலாளி. கூடப் போகவேண்டியது களஞ்சியப் பொறுப்பாளனான நான். சண்டைக் காலம், வழியில் நான்கு சோதனைச் சாவடி. யாழ்ப்பாணத்து அடையாள அட்டையும் நாற்பது பரல் இரசாயனமுமாகப் போய் நின்றால் ஆமிக்காரன் தேத்தண்ணியா தருவான்? கொண்டுபோனதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பரல்களைப் பின்முற்றத்தில் அடுக்கினேன். பெருமழை வரும்போதெல்லாம் ஒன்றைத் திறந்து மழைநீர் ஓடுகிற கானில் விட்டேன். அவசரப்படவில்லை. இரண்டு வருடம் எடுத்தது.

கான் போய் விழுகிற வாய்க்காலின் கரையில்தான் பாக்கியலெட்சுமியின் வீடு. மலைநாட்டிலிருந்து வந்து எங்களிடம் பொதி கட்டுகிறவள். அந்த வாய்க்காலில் மீன் பிடித்துக் குழம்பு வைத்து, எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவருவாள். அருமையான கைப்பக்குவம். பரலில் செத்த மீனின் படமொன்று ஒட்டியிருந்தது. ஆகவே முதல் பரலைத் திறந்த மறுநாளே, கதிர்காமக் கந்தனுக்கு நேர்த்தி, இனி மீன் தொடமாட்டேன் என்று அவளிடம் சொன்னேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் கும்பிடுவாள். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அவளுடைய மூன்று வயது மகள் மெலியத் தொடங்கினாள். ஒருநாள் மத்தியானம் பாக்கியலெட்சுமி என் மேசையடிக்கு வந்தாள்.

"ஐயா, நானும் புள்ளையும் ஒங்கள மாதிரி மீன விட்டுட்டு விரதம் இருக்கட்டுங்களா? முருகன் கண்ணத் தொறக்க மாட்டாரா?"

"உனக்கென்ன விசரே? வளருற பிள்ளைக்குச் சத்து வேணும். மீனைக் குடு."

வேறென்ன சொல்வது? மீனை நிறுத்திப் பிள்ளை தேறிவிட்டால், ஏன் தேறியது என்று யாராவது தேடுவார்கள். பின்முற்றத்தில் இன்னும் பதினொரு பரல் மிச்சமிருந்தது.

போன மாசியில் பிள்ளை செத்தது. செத்தவீட்டில் அவள் என் கையைப் பிடித்து அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

நான் பொய்யன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவளுக்குச் சொன்ன பொய் அந்த நேர்த்தி ஒன்றுதான். இன்றுவரை ஒரு துண்டு மீன் தொடாமல் அதையும் உண்மையாக்கிவிட்டேன்.